பனிக்கடலில் ஒரு தச்சன்

2022-ம் வருஷம் மார்ச் மாதம் 5-ந் தேதி, தென் துருவத்தை அடுத்த வெட்டல் கடலின் அடியில், 3,008 மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக இருளிலும் குளிரிலும் கிடந்த அக்கப்பலின் பின்புறத்தில் 'எண்டியூரன்ஸ்' என்ற பெயர் அழியாமல் விளங்கிற்று. மரத்தை அரிக்கும் புழுக்கள் அக்குளிர்நீரில் வாழ்வதில்லையாதலால், பலகைகளும் பெரும்பாலும் கெடாதிருந்தன. செய்தி வெளிவந்ததும் அந்த யாத்திரையின் தலைவராயிருந்த ஸர் எர்னஸ்ட் ஷாக்கில்டனின் தைரியத்தையும் தலைமைத் திறமையையும் உலகம் மறுபடியும் ஒருமுறை புகழ்ந்தது. அப்புகழ் தகாதென்று நாம் கூறவில்லை. ஆனால் அக்கதையில் வேறொரு மனிதர் இருக்கிறார். அவர் தலைவரல்லர், விஞ்ஞானியல்லர், கப்பலின் தச்சர். அவர் கைவேலை இல்லாவிடில் தலைவரின் புகழைப் பாட அன்று ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார். அப்படியிருந்தும் அவருக்குரிய மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நேயர்கள் ஊன்றி நோக்குவது நலம்.

கப்பலை விழுங்கிய கடல்

தென் துருவக் கண்டத்தைக் குறுக்கே நடந்து கடப்பது ஷாக்கில்டனின் நோக்கம். அவருடைய கப்பல் 1914-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி தெற்கு ஜார்ஜியாத் தீவைவிட்டுக் கிளம்பிற்று. நார்வே தேசத்தில் கட்டப்பட்ட உறுதியான கப்பல் அது. எனினும் வெட்டல் கடலின் இயல்பே வேறு. அங்கே நீரோட்டம் ஒரு பெருஞ்சுழலாகக் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றிவருகிறது. மிதக்கும் பனிப்பாளங்களை அது கொண்டுபோய் மேற்கிலுள்ள நிலமுனையின்மீது மோதுகிறது. போக வழியில்லாத பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்குகின்றன. அந்த நெருக்கலினிடையில் அகப்படும் கப்பல், செக்கில் அகப்பட்ட எள்தான்.

1915-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் எண்டியூரன்ஸ் பனியில் சிக்கிற்று. பிறகு அது அசைந்ததெல்லாம் பனி அசைந்தபடியே. ஒன்பது மாதங்களுக்கு மேல் இப்படிச் சென்றன. அக்டோபரில் பக்கப் பலகைகள் நெரிந்து நீர் உட்புகுந்தபோது, தச்சர் ஹாரி மக்னிஷ் உறையும் நீரில் நின்றுகொண்டே கப்பலின் பின்பகுதியில் ஒரு தடுப்புச் சுவர் கட்டிப் பார்த்தார். அது பலிக்கவில்லை. அக்டோபர் 27-ந் தேதி 28 பேரும் கப்பலைவிட்டுப் பனியின்மேல் இறங்கினர். நவம்பர் 21-ந் தேதி கப்பல் மூழ்கிற்று. கால்கீழ் சில அடி கனமுள்ள பனி. அதன்கீழ் பல ஆயிரம் அடி ஆழமுள்ள கடல். கையில் மூன்று படகுகள். இவ்வளவே மிச்சம்.

அப்படகுகளில் பெரியதற்கு 'ஜேம்ஸ் கெயர்ட்' என்று பெயர். யாத்திரைக்கு 24,000 பவுன் நன்கொடை அளித்த டண்டீ நகரத்துச் சணல் ஆலை முதலாளியின் பெயர் அது. டண்டீயின் ஆலைகளுக்குச் சணல் எங்கிருந்து போயிற்று என்பதை நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வங்காளத்துக் குடியானவன் வயலிலிருந்து போயிற்று. பனிக்கடலில் மிதந்த படகுக்கும் முழங்காலளவு நீரில் நின்று சணல் அறுத்தவனுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. பணம் தந்தவர் பெயர் படகின்மேல் நின்றது. பாடுபட்டவர்களின் பெயர் எங்கும் நிற்கவில்லை. மேலே நாம் சொல்லப்போகும் கதையும் ஏறக்குறைய இதே போக்குடையதுதான்.

தச்சரின் மறுப்பு

மக்னிஷ் ஸ்காட்லாந்தில் போர்ட் கிளாஸ்கோ என்னும் ஊரில் 1874-ம் வருஷம் பிறந்தவர். கடலிலேயே வயது முதிர்ந்தவர். கூட்டத்தில் மூத்தவர்களில் ஒருவர். பேச்சில் கடுமை, வேலையில் அப்பழுக்கில்லாத சுத்தம். அவர் ஒரு பூனை வளர்த்தார். கப்பலை இழந்தபின், உணவுக் குறைவைக் கருதி அப்பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் சுட்டுவிடும்படி ஷாக்கில்டன் உத்தரவிட்டார். உத்தரவு அவசியமானதாகவே இருக்கலாம். ஆயினும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத் தச்சர் மறக்கவில்லை.

மூழ்குமுன் கப்பலின் மரங்களை எடுத்து ஒரு சிறு பாய்க்கப்பல் கட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னார். தலைவர் அதை ஏற்கவில்லை. படகுகளைப் பனியின்மேல் இழுத்துக்கொண்டு நடப்பதென்று தீர்மானித்தார். டிசம்பர் மாதக் கடைசியில், உருகிக் குழைந்த பனியில் இடுப்புவரை புதைந்து, டன் கணக்கான படகை மனிதர்கள் மாடுபோல இழுத்தார்கள். நாள் முழுதும் இழுத்தாலும் போன தூரம் அற்பம். கரடுமுரடான பனியில் மோதிப் படகுகளின் அடி பிளக்கும் அபாயம் வேறு. 27-ந் தேதியன்று மக்னிஷ் நின்றுவிட்டார். "இனி இழுக்க மாட்டேன்" என்றார். கப்பல் போய்விட்டது, ஆகையால் கப்பலில் வேலை செய்வதற்கான ஒப்பந்தமும் போய்விட்டது, இனி உத்தரவுக்குக் கீழ்ப்படியவேண்டிய கடமை தமக்கில்லை என்பது அவருடைய வாதம்.

ஷாக்கில்டன் யாவரையும் கூட்டி, ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். அது இன்னும் செல்லும் என்றும், துறைமுகம் சேரும்வரை சம்பளம் உண்டென்றும் அறிவித்தார். தச்சர் மறுபடியும் கயிற்றைப் பிடித்தார். விஷயம் அத்துடன் முடிந்தது போலத் தோன்றிற்று. இரண்டொரு நாளில் அந்த நடைப் பிரயாணமே நடவாத காரியமென்று கைவிடப்பட்டது என்பதை இங்கே குறிப்பிடவேண்டும். கீழ்ப்படிய மறுத்தது குற்றமாயிருக்கலாம். ஆனால் பனியைப் பற்றியும் படகைப் பற்றியும் தச்சர் சொன்ன கணக்கு பிழையாகவில்லை.

பெட்டிப் பலகையும் கித்தானும்

பிறகு மூன்று மாதங்களுக்கு மேல் பனியின்மேல் காத்திருந்தார்கள். 1916-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி பனி பிளந்ததும் படகுகளைக் கடலில் இறக்கினார்கள். 15-ந் தேதி எலிபெண்ட் தீவை அடைந்தார்கள். 497 நாட்களுக்குப் பிறகு கெட்டியான நிலத்தை அவர்கள் மிதித்தது அன்றுதான். ஆனால் அது ஆளில்லாத பாறை. கப்பல் போகும் வழியுமன்று. அங்கேயே இருந்தால் மரணம் நிச்சயம். ஆகவே ஒரு படகில் ஆறுபேர் தெற்கு ஜார்ஜியாவுக்குச் சென்று உதவி கொண்டுவருவதென்று தீர்மானம் ஆயிற்று. தூரம் சுமார் 800 கடல் மைல். படகின் நீளம் 22½ அடி.

அக்கடல் எத்தகையது என்பதைச் சிறிது ஆலோசிப்போம். தென் கோளத்தில் அந்த அட்சரேகைகளிலே மேல்காற்றைத் தடுக்க நிலம் என்பதே இல்லை. காற்று உலகத்தைச் சுற்றிச் சுற்றி வீசுகிறது. அலை அதனோடு ஓடி ஓடி வளர்கிறது. குளிரோ உறையும் நிலைக்குக் கீழே. படகின்மேல் தெறிக்கும் ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும். அப்பனி ஏறஏற மேற்பாரம் மிகுந்து படகு கவிழும். மேல்தட்டில்லாத படகாயின் கவிழும் வரைகூடக் காத்திராது. முதல் பேரலையிலேயே நீர் நிறைந்து அமிழும். ஜேம்ஸ் கெயர்ட் மேல்தட்டில்லாத படகு. அதை மாற்றக்கூடியவர் ஒருவரே.

தச்சர் செய்ததை வரிசையாகப் பார்க்கவேண்டும். பனியின்மேல் இருந்தபோதே, கிடைத்த பலகைகளைக்கொண்டு படகின் பக்கங்களை அவர் உயர்த்தியிருந்தார். கலப்பற்று வேலைக்கு வேண்டிய சாமான்கள் இல்லை. ஆகவே விளக்குத்திரியைப் பலகைச் சந்துகளில் திணித்து, சித்திரக்காரர் மார்ஸ்டனிடமிருந்த எண்ணெய் வர்ணத்தையும் கடல்நாயின் இரத்தத்தையும் மேலே பூசினார். பெரிய அலையின் முதுகில் ஏறி இறங்கும்போது படகின் நடு முறியக்கூடும். அதைத் தடுக்க, மற்றொரு படகின் பாய்மரத்தை எடுத்து, இதன் அடிமரத்தின்மேல் நீளவாக்கில் வைத்துக் கட்டினார். பனிவண்டியின் சறுக்குச் சட்டங்களையும் சாமான் பெட்டிகளின் மூடிகளையும் சட்டமாக்கி, அதன்மேல் கித்தானை விரித்து மேல்தட்டு அமைத்தார். கித்தான் தகடுபோல உறைந்திருந்தது. கொழுப்பு எரியும் அடுப்பின்மேல் அங்குலம் அங்குலமாகக் காட்டி இளக்கியே அதைத் தைக்க முடிந்தது. கை விரல்கள் மரத்துப்போகும் குளிரில், புயலுக்கு இடையில், ஒரு சில கருவிகளோடு முடிந்த வேலை இது. இதில் ஒரு சந்து சரியாக அடைபடாவிட்டாலும் ஆறுபேரும் கடலுக்கு இரை. அவர்களை நம்பித் தீவில் இருந்த 22 பேரும் பட்டினிக்கு இரை.

பதினாறு நாட்கள்

ஏப்ரல் 24-ந் தேதி படகு கிளம்பிற்று. ஷாக்கில்டன், வழிகாட்டியாக நியூஜிலாந்துக்காரர் வொர்ஸ்லி, அயர்லாந்துக்காரர்களான கிரீனும் மக்கார்த்தியும், மாலுமி வின்சென்ட், தச்சர் மக்னிஷ் ஆகிய அறுவர் சென்றனர். கடலில் இறக்கும்போதே படகு ஒருபுறம் சாய்ந்து மக்னிஷும் வின்சென்டும் நீரில் விழுந்தார்கள். நனைந்த உடையோடு யாத்திரை தொடங்கிற்று. குடிநீர்ப் பீப்பாய்களில் ஒன்று பாறையில் மோதி, உள்ளே உப்புநீர் கசிந்தது. அதன் பலன் பின்னால் தெரிந்தது.

மூவர் விழித்திருக்க மூவர் உறங்குவது முறை. உறக்கம் எப்படி? அடிப்பாரத்துக்காக ஏற்றிய கற்களின்மேல், மேல்தட்டின் கீழ் ஊர்ந்து சென்று, மயிர் உதிர்ந்து நாறும் ஈரத்தோல் பைக்குள் நுழைந்து, நடுங்கிக்கொண்டே கண்ணை மூடுவதுதான் உறக்கம். இரவும் பகலும் நீர் இறைத்தபடி இருக்கவேண்டும். புயல் மிகுந்தபோது படகு முழுதும் பனி கவிந்து, உயிரற்ற கட்டைபோலக் கனத்துவிட்டது. வழுக்கும் மேல்தட்டின்மேல் ஒவ்வொருவராகத் தவழ்ந்து சென்று பனியை வெட்டித் தள்ளினார்கள். கை தவறினால் கடல். விழுந்தவரைத் திரும்பி எடுக்க வழியில்லை. பாரத்தைக் குறைக்கத் துடுப்புகள் சிலவற்றையும் நைந்த படுக்கைப் பைகளையும் கடலில் எறிந்தார்கள். அன்று பனியின் பாரத்தைத் தாங்கியது பெட்டி மூடியாலும் கித்தானாலும் ஆன அந்தத் தட்டு.

வொர்ஸ்லியின் திறமையையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. சூரியன் தெரிந்தாலல்லவா இருக்கும் இடத்தைக் கணக்கிடலாம்? அந்த யாத்திரை முழுவதிலும் அது நாலைந்து முறைக்கு மேல் தெரியவில்லை. தெரிந்தபோது, ஆடும் படகில் மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, அலையின் உச்சிக்குப் படகு ஏறும் கணத்தில் அடிவானத்தைக் கண்டு அவர் அளவெடுத்தார். கணக்கு சிறிது பிசகினால் தீவைத் தாண்டி அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே போய்விடுவார்கள். திரும்பி வரக் காற்று விடாது.

ஓரிரவு சுக்கான் பிடித்திருந்த ஷாக்கில்டன் வானத்தில் ஒரு வெண்கோடு கண்டார். மேகம் விலகுகிறதென்று மகிழ்ந்தார். அது மேகத்தின் இடைவெளியன்று. ஒரு பேரலையின் நுரைத்த உச்சி. அது அவர்கள்மேல் இடிந்து விழுந்தது. பாதி நீர் நிறைந்த படகை, கைக்குக் கிடைத்த பாத்திரத்தால் எல்லோரும் இறைத்துக் காப்பாற்றினார்கள். சந்துகள் விடவில்லை, அடிமரம் முறியவில்லை. தச்சர் கட்டியது நின்றது.

கடைசி நாட்களில் தாகம் அவர்களை வதைத்தது. உப்புக் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக் குடித்தார்கள், நாக்கு வீங்கிற்று. மே 8-ந் தேதி கரை கண்ணுக்குப் புலப்பட்டது. ஆனால் பெரும்புயல் அவர்களைப் பாறைமேல் எறியப் பார்த்தது. 10-ந் தேதி மாலையில்தான் அரசர் ஹாக்கன் குடாவில் கரையேறினார்கள்.

காலணியில் திருகாணி

கரையேறியும் வேலை முடியவில்லை. மனிதர் வாழும் திமிங்கல வேட்டை நிலையங்கள் தீவின் மறுபுறத்தில் இருந்தன. நடுவே அதுவரை ஒருவரும் கடவாத பனிமலை. ஷாக்கில்டனும் வொர்ஸ்லியும் கிரீனும் நடப்பதென்று முடிவாயிற்று. மக்னிஷுக்கும் வின்சென்டுக்கும் எழுந்து நடக்கும் வலு இல்லை; மக்கார்த்தி அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கினார். அந்த நிலையிலும் தச்சர் சும்மா இருக்கவில்லை. படகிலிருந்து திருகாணிகளைக் கழற்றி, நடக்கப்போகும் மூவரின் காலணிகளிலும் அடிப்புறமாக முடுக்கிக் கொடுத்தார், பனியில் வழுக்காமலிருக்க. அந்தத் திருகாணிகளை ஊன்றிக்கொண்டு 36 மணி நேரம் நடந்து, மே 20-ந் தேதி அவர்கள் ஸ்ட்ரோம்னெஸ் நிலையத்தை அடைந்தார்கள்.

எலிபெண்ட் தீவில் கவிழ்த்த படகுகளின் கீழ் வாழ்ந்த 22 பேரை மீட்க நான்கு முறை முயலவேண்டியிருந்தது. ஆகஸ்டு 30-ந் தேதி சிலி தேசத்துக் கப்பலான 'யெல்சோ', தலைவர் லூயிஸ் பார்டோவின் பொறுப்பில் சென்று அவர்களை ஏற்றிவந்தது. எண்டியூரன்ஸில் சென்ற 28 பேரில் ஒருவரும் மாளவில்லை. கண்டத்தின் மறுபக்கத்தில் ராஸ் கடல் கரையில் இறங்கிய வேறொரு கூட்டத்தில் மூவர் மாண்டனர் என்பது தனிக் கதை.

மறுக்கப்பட்ட பதக்கம்

திரும்பியபின் யாத்திரையில் சென்றவர்களுக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டது. எண்டியூரன்ஸில் சென்றவர்களில் நால்வருக்கு மட்டும் தலைவர் சிபார்சு செய்யவில்லை. அந்நால்வரில் மக்னிஷ் ஒருவர். அவரோடு படகில் வந்த வின்சென்ட் ஒருவர். கப்பல் வைத்தியராயிருந்த மக்லின் தலைவரிடம் மிகுந்த மதிப்புள்ளவர். அவரே, தச்சருக்குப் பதக்கம் மறுத்தது பெரிய அநீதி என்று பிற்காலத்தில் கூறினார்.

மக்னிஷ் மறுபடியும் கப்பல் வேலைக்குப் போனார். 1925-ல் நியூஜிலாந்து சென்று வெல்லிங்டன் துறைமுகத்தில் வேலை செய்தார். உடம்பு தளர்ந்து வேலை போயிற்று. துறைமுகக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் அவர் படுத்துறங்கிய நாட்களும் உண்டு. அப்பொழுது அவருக்கு மாதந்தோறும் சந்தா வசூலித்துக் கொடுத்தவர்கள் யார்? துறைமுகத் தொழிலாளர்கள். பிறகு ஒரு தர்ம விடுதியில் இடம் கிடைத்தது. 1930-ம் வருஷம் செப்டம்பரில் அவர் இறந்தபோது கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் 1959 வரை அவர் சமாதியின்மேல் ஒரு கல்லும் இல்லை. அவ்வருஷம் நியூஜிலாந்து அண்டார்டிக் சங்கத்தார் கல் நாட்டினர். 2004-ல் அக்கல்லின்மேல் அவர் பூனையின் வெண்கல உருவம் ஏறிற்று. அவர் கட்டிய படகோ லண்டனில் டல்விச் கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

நமது தீர்ப்பு

ஷாக்கில்டன் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். பனியின் நடுவே 28 உயிர்களின் பொறுப்பு ஒருவர் தோள்மேல் இருக்கும்போது, ஒருவர் "மாட்டேன்" என்றால் அது ஒருவரோடு நிற்பதில்லை. நாளை இருவர், மறுநாள் பத்துப் பேர். கட்டுக் குலைந்த கூட்டம் அவ்விடத்தில் ஒரு வாரம்கூடப் பிழைக்காது. ஆகவே அன்று அவர் உறுதியாக நின்றது சரியே. அன்றைய கண்டிப்பை நாம் குறை கூறவில்லை.

ஆனால் கண்டிப்புக்கு ஒரு முடிவு உண்டு. தச்சர் மறுபடியும் கயிற்றைப் பிடித்தபோதே அக்கணக்கு தீர்ந்துவிட்டது. அதன்பின் நான்கு மாதத்தில் அதே தலைவர், உயிருக்கு உயிரான அந்த யாத்திரைக்கு அவரையே அழைத்துக்கொண்டார். வேலைக்கு வேண்டியவராயிருந்த மனிதர் மரியாதைக்கு மட்டும் எப்படி வேண்டாதவரானார்? ஒருநாள் வாய்ச்சொல்லை ஒரு தட்டிலும், படகையும் தட்டையும் திருகாணியையும் மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் எது தாழும் என்பதைச் சிறுவனும் சொல்வான். அபாய காலத்தில் சொல்லியும் செய்தும் காட்டிய பெருந்தன்மையை, கரையேறி நாற்காலியில் அமர்ந்து பட்டியல் எழுதும்போது ஷாக்கில்டன் கைவிட்டார். மாபெரும் தலைவருக்கும் இக்குறை நேரலாம் என்பதே இதில் அஞ்சத்தக்கது.

பெருங்காரியங்களில் சேர்ந்து உழைப்பவர் யாவரும் இதை மனத்தில் வைக்கவேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மக்னிஷ் இருப்பார். அவர் பேச்சு இனிக்காது. தீர்மானத்தை எதிர்த்து நிற்பார். தலைவர் முகத்துக்கு நேரே கணக்குச் சொல்வார். அவருடைய கணக்கு சில சமயம் தவறாகவும் இருக்கும். அவரைக் கண்டிக்க நேரிட்டால் கண்டியுங்கள். வேலை முடிந்தபின் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். கீழ்ப்படிதலுக்குத் தரும் பரிசு வேறு, உழைப்புக்குத் தரவேண்டிய கடன் வேறு. முன்னதைத் தலைவர் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். பின்னதை மறுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

அரசர் ஹாக்கன் குடாவில் ஒரு சிறு தீவுக்கு இப்பொழுது மக்னிஷ் என்று பெயர். அவர் வலுவிழந்து படுத்திருந்த அதே கடலோரம். பதக்கம் தராத மரியாதையைப் படத்தில் ஒரு புள்ளி தருகிறது. உயிரோடிருந்தபோது தந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!